பெர்ரி மேசன் நாவல்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

பழுப்புத்தாள் கேட்டது:

போன மாதம் ஒரு பழைய புத்தகக் கடையில் பெர்ரி மேசன் நாவல்கள் 17 மொத்தமாகக் கிடைத்தன, பெர்ரி மேசன் என்ற அமெரிக்க வக்கீலை வைத்து ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னர் எழுதிய கொலை வழக்குக் கதைகள். தாள் பழுப்பேறி, பாதிப் புத்தகங்களில் ஏதோ ஒரு வாடகை நூலகத்தின் முத்திரை. கல்லூரி நாட்களில் இரண்டோ மூன்றோ படித்ததோடு சரி. இப்போது ஆரம்பித்து 11 முடித்துவிட்டேன், இரவு ஒரு மணி வரை விளக்கை அணைக்க மனம் வருவதில்லை.

எல்லாக் கதையும் ஒரே அச்சு. யாரோ ஒருவர் மேசன் அலுவலகத்துக்கு வந்து பாதி உண்மை சொல்கிறார், பிணம் விழுகிறது, போலீஸ் அந்தக் கட்சிக்காரரையே பிடிக்கிறது, மேசனின் செயலாளர் டெல்லா ஸ்ட்ரீட்டும் தனியார் துப்பறிவாளர் பால் டிரேக்கும் தகவல் திரட்டுகிறார்கள், அரசுத் தரப்பு வக்கீல் ஹாமில்டன் பர்கர் கோர்ட்டில் கொதிக்கிறார், கடைசியில் மேசன் ஜெயிக்கிறார். யார் ஜெயிப்பார் என்பது முதல் பக்கத்திலேயே தெரியும். வர்ணனை என்று பெரிதாக எதுவும் கிடையாது. அப்படியிருந்தும் 1933-ல் தொடங்கிய இந்த வரிசை என்னை ஏன் இப்படிப் பிடித்து வைத்திருக்கிறது? பழைய நினைவுதான் காரணம் என்று நினைத்தேன். ஆனால் கல்லூரியில் படிக்கும் என் மகள் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கிறாள், அவளுக்கு என்ன பழைய நினைவு?

கிரிமினல் பக்கம் எழுதியது:

சார், 22 வருடமாகக் குற்ற வழக்குகள் நடத்துகிறேன். நான் சட்டம் படிக்கப் போனதற்கே இந்தப் புத்தகங்கள் ஒரு காரணம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

யார் ஜெயிப்பார் என்பதில் சுவாரசியம் இல்லை, சரிதான். எந்தக் கேள்வியில் ஜெயிக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. பல கதைகளில் கோர்ட் காட்சி ஜூரி முன்னால் நடக்கும் முழு விசாரணையே இல்லை, அதற்கு முந்தைய முன்விசாரணை. அரசுத் தரப்பு அங்கே கொலையைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, வழக்கை மேலே அனுப்பப் போதிய முகாந்திரம் இருக்கிறது என்று நீதிபதிக்குக் காட்டினால் போதும். எதிர்த்தரப்பு வக்கீல் பொதுவாக அந்தக் கட்டத்தில் தன் கையைக் காட்டாமல் அமைதியாக இருந்துவிடுவார். மேசன் அங்கேயே குறுக்கு விசாரணையில் இறங்கிவிடுகிறார். நம் ஊரிலும் 1973-ம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வருவதற்கு முன் மாஜிஸ்திரேட் சாட்சிகளை விசாரித்துத்தான் செஷன்ஸுக்கு அனுப்புவார், என் சீனியர் அந்தக் கால விசாரணைகளைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். அந்த முறை இருந்த காலத்து வக்கீல்கள் மேசனை எவ்வளவு ரசித்துப் படித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன்.

இன்னொன்று, மேசன் மடக்கும் சாட்சிகளில் பலர் பொய்யர்கள் இல்லை. தாங்கள் ஊகித்ததைப் பார்த்ததாகவே நம்புகிறவர்கள். 'தி கேஸ் ஆஃப் தி ஹௌலிங் டாக்' கதையில் ஒரு டாக்ஸி டிரைவர் வருவார். அவர் வண்டியில் ஒரு பெண் கைக்குட்டையை விட்டுப்போயிருக்கிறாள். மேசன் வேறொரு பெண்ணை அனுப்பி அந்தக் கைக்குட்டையைக் கேட்கச் சொல்கிறார், டிரைவரும் அன்று வந்தவள் இவள்தான் என்று நம்பிக் கொடுத்துவிடுகிறார். கைக்குட்டை தன்னுடையது என்று சொன்னதுமே முகமும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது, பாருங்கள். அடையாளம் காட்டும் சாட்சி எவ்வளவு மெல்லியது என்று சட்டக் கல்லூரியில் படித்ததைவிட எனக்கு அந்த அத்தியாயம் ஆழமாகப் பதிந்தது. பல வருடம் கழித்து ஒரு அடிதடி வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரை முன்பின் தெரியாத ஒரு சாட்சி அவர் பெயரைச் சொல்லி அடையாளம் காட்டினார். பெயர் எப்போது, யார் சொல்லித் தெரிந்தது என்று மட்டும் கேட்டேன். போலீஸ் ஸ்டேஷனில் சொன்னார்கள் என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

நிஜ கோர்ட்டில் கொலைகாரன் எழுந்து நின்று ஒப்புக்கொள்ள மாட்டான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல பதில் கிடைப்பதற்குள் நாலு வாய்தா போய்விடும்.

மீனா, கோவை எழுதியது:

வக்கீல் சார் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் நான் கோர்ட்டுக்காகப் படிப்பதில்லை, முதல் அத்தியாயத்துக்காகப் படிக்கிறேன். 'கேர்டேக்கர்ஸ் கேட்' (1935) படித்தீர்களா? ஒரு வயதான காவலாளி வருகிறார். இறந்துபோன முதலாளி இவருக்கு ஆயுள் முழுக்க வேலை என்று உயிலில் எழுதியிருக்கிறார், ஆனால் சொத்துக்கு வந்த பேரன் பூனையை வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறான். வேலை உண்டு, பூனைக்கு இடம் இல்லை. இதை ஒரு பெரிய வக்கீல் எடுத்துக்கொள்வாரா? மேசன் எடுத்துக்கொள்கிறார், அந்தக் கிழவருக்கு அந்தப் பூனை எவ்வளவு முக்கியம் என்பது அவருக்குப் புரிகிறது. 'லேம் கேனரி' (1937) கதையில் ஒரு பெண் கூண்டோடு பறவையைக் கொண்டுவருகிறாள், அவள் சொல்லும் விவகாரத்தைவிட அந்தப் பறவையின் கால் ஏன் நொண்டுகிறது என்பதுதான் மேசனைப் பிடித்துக்கொள்கிறது. இவ்வளவு சின்ன இடத்திலிருந்து கொலை வழக்குவரை இழுத்துக்கொண்டு போகிற கை எத்தனை பேருக்கு வரும்?

எனக்கு 1930-களின் மேசன்தான் மேசன். அவர் சண்டைக்காரர், சட்டத்தின் விளிம்பில் நடப்பவர், தடயத்தைக் குழப்பிவிடக்கூடத் தயங்காதவர். பின்னால் வந்த கதைகளில் கண்ணியமான கனவானாக மாறிவிடுகிறார், சிபிஎஸ் டிவியில் 1957 முதல் 1966 வரை ரேமண்ட் பர் நடித்து வந்த தொடர் அந்தப் பிம்பத்தையே உறுதியாக்கிவிட்டது. பர் நன்றாகத்தான் நடித்தார், ஆனால் முதல் சில புத்தகங்களில் இருக்கும் முரட்டுத்தனம் அங்கே இல்லை. சுஜாதாவின் கணேஷும் வசந்தும் எனக்கு உயிர், அவர்களிடம் கிண்டலும் இளமையும் அதிகம். மேசனிடம் அது கிடையாது, கட்சிக்காரர் பொய் சொன்னாலும் கைவிடமாட்டேன் என்கிற பிடிவாதம் இருக்கிறது.

ரயில்வே ஸ்டால் எழுதியது:

அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்லலாம். எழுதிய ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னரே வக்கீல், 1911-ல் கலிஃபோர்னியாவில் பதிவு செய்தவர். ஆக்ஸ்னார்ட் என்ற சின்ன ஊரில் அவருடைய கட்சிக்காரர்களில் பலர் சீனர்கள், அப்போது அவர்களுக்காகப் பேச ஆள் குறைவு. ஒரு முறை லாட்டரி விவகாரத்தில் அவர்களைப் பிடிக்க போலீஸ் வரப்போகிறது என்று தெரிந்ததும், கடைக்காரர்களை ஆளுக்கொரு கடை மாறி உட்கார வைத்துவிட்டார். போலீஸ் ஆள் மாற்றிப் பிடித்துக்கொண்டு போய் கோர்ட்டில் அவமானப்பட்டது. மேலே சொன்ன கைக்குட்டை விஷயத்தோடு சேர்த்துப் படியுங்கள், அதே மூளைதான்.

புகழ் வந்த பிறகும் அவர் இதை விடவில்லை. 1948-ல் ஆர்கஸி பத்திரிகையில் 'கோர்ட் ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்' என்று ஆரம்பித்து, தவறாகத் தண்டிக்கப்பட்டதாகத் தோன்றியவர்களின் வழக்குகளை நிபுணர்களோடு சேர்ந்து மறுபடி தோண்டினார். மேசன் கட்சிக்காரரை நம்புவது எனக்குப் போலியாகத் தோன்றாததற்குக் காரணம் இதுதான். 80-க்கும் மேற்பட்ட மேசன் நாவல்கள், பெரும்பாலும் உதவியாளர்களிடம் வாயால் சொல்லி எழுதியவை. உரையாடல் அவ்வளவு வேகமாக ஓடுவதும், வர்ணனை இல்லாததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மேசன் எப்போதும் ஜெயிப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள், 'டெரிஃபைடு டைப்பிஸ்ட்' (1956) உங்கள் பெட்டியில் இருக்கிறதா? அதில் ஜூரி குற்றவாளி என்றே தீர்ப்புச் சொல்கிறது. அப்புறம் நடப்பதைச் சொல்லமாட்டேன்.

பழுப்புத்தாள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மீனா அக்கா, பூனைக் கதை பெட்டியில் இருந்தது, நேற்று இரவே முடித்தேன். அந்தக் காவலாளி எழுந்து போகும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 'டைப்பிஸ்ட்' என்னிடம் இல்லை. வக்கீல் சார், ஒரு சந்தேகம்: பர்கர் எழுந்து எழுந்து 'இன்காம்பிடென்ட், இர்ரெலவன்ட், இம்மெட்டீரியல்' என்கிறாரே, நம் கோர்ட்டில் யாராவது அப்படிச் சொல்வார்களா?

கிரிமினல் பக்கம் எழுதியது:

அவ்வளவு நீளமாகச் சொல்லமாட்டோம், சம்பந்தமில்லாத கேள்வி என்று எழுந்து ஆட்சேபிப்போம், நீதிபதி குறித்துக்கொள்வார் அல்லது மேலே போங்கள் என்பார். 'டைப்பிஸ்ட்' என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், ஒன்றைத் தபாலில் போட்டுவிடுகிறேன். முதலில் மகளிடம் கொடுங்கள், தீர்ப்பு வந்த பக்கத்தில் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.