தார் வெட்டிய வாழை மரத்தில் நார் எடுப்பது கட்டுப்படியாகுமா?

தொட்டியம் விவசாயி:
இரண்டு ஏக்கரில் பூவன் பயிரிட்டுள்ளேன். தார் வெட்டியபின் நிற்கும் மரங்களை அப்புறப்படுத்துவதற்கே ஆள்கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது. அவற்றிலிருந்து நார் எடுத்து விற்கலாம் என்கிறார்கள். நார் பிரிக்கும் இயந்திரத்தை வாங்கலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

நார்ப்பட்டறை:
ஐயா, முதலில் எடைக் கணக்கைப் பாருங்கள். வாழை மரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். 100 கிலோ மரத்திலிருந்து உலர்ந்த நார் 1 கிலோ கிடைத்தாலே நல்ல விளைச்சல். மரங்களை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்த முதல் ஆண்டில், எங்களுக்கு வந்த பணம் முழுவதும் வண்டி வாடகைக்கே போய்விட்டது. இயந்திரத்தை வயலோரத்துக்குக் கொண்டுசென்று, வெட்டிய ஓரிரு நாளுக்குள் மட்டைகளை உரித்து நார் பிரிக்கத் தொடங்கிய பிறகே செலவு அடங்கியது. தாமதித்தால் மட்டை பழுப்பேறி நாரின் நிறம் கெடும். அத்தகைய நாரை நெசவாளர்கள் வாங்குவதில்லை. வெளிமட்டை நாரையும் உள்மட்டை நாரையும் கலந்துவிடாதீர்கள். முன்னது முரடாக இருப்பதால் கயிற்றுக்கும் பாய்க்கும் போகும். பின்னது மென்மையானது, சென்னையை அடுத்த அனகாபுத்தூரில் வாழைநார் கலந்து சேலை நெய்கிறார்களே, அதுபோன்ற வேலைக்கு ஏற்றது. நடுத்தண்டு சமையலுக்கு விலைபோகும்.

காவிரிக்கரை:
நீங்கள் மறுதாம்பு விடுபவரா, அதாவது தார் வெட்டிய மரத்தின் பக்கக் கன்றையே அடுத்த பயிராக வளர்ப்பவரா? தாய்மரத்தில் எஞ்சிய சத்து பக்கக் கன்றுக்கு இறங்கும் என்பதால் எங்கள் பக்கம் மரத்தை உடனே அடியோடு வெட்டுவதில்லை. நாருக்கோ பச்சை மரம் வேண்டும். ஆகவே, தோட்டத்தை அழிக்கும் ஆண்டில் மட்டும் நார் எடுப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து. நார் பிரித்தபின் மிஞ்சும் சக்கையை வெளியே கொடுத்துவிடாதீர்கள். வாழை மண்ணிலிருந்து மிகுதியாக எடுக்கும் சாம்பல் சத்து (பொட்டாசியம்) அதில் இருப்பதால், சாணத்துடன் மட்கவைத்து அதே வயலுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

தொட்டியம் விவசாயி:
மிக்க நன்றி. மறுதாம்பு விட்டிருக்கிறேன், அடுத்த ஆண்டுதான் தோட்டத்தை அழிப்பேன்.

நார்ப்பட்டறை:
அப்படியானால் இப்போது இயந்திரம் வாங்க வேண்டாம். இரண்டு ஏக்கர் மரம் சில வாரங்களில் தீர்ந்துவிடும். அதன்பின் இயந்திரம் சும்மா நிற்கும். அக்கம்பக்கத்து விவசாயிகள் சேர்ந்து, வெட்டும் நாட்களை முறைவைத்துக்கொண்டால் ஒரே இயந்திரம் எல்லோருக்கும் போதும். அதற்குள் திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை அணுகி நார் பிரிக்கும் முறையை விசாரியுங்கள். நாலைந்து மரங்களின் மட்டையைக் கையால் சுரண்டி எடுத்த மாதிரி நாரை, வாங்குபவரிடம் காட்டி விலை பேசிய பிறகு முடிவெடுங்கள்.