சம்பவ இடத்தில் ஒற்றைத் தலைமை வேண்டுமா? மான்செஸ்டர் விசாரணையை முன்வைத்து ஒரு விவாதம்

தணலோன் (இழையைத் தொடங்கியவர்)

2017 மே 22 அன்று இரவு 10.31 மணிக்கு, இங்கிலாந்தின் மான்செஸ்டர் அரீனாவில் இசை நிகழ்ச்சி முடிந்து மக்கள் வெளியேறிக்கொண்டிருந்தபோது, அதன் முன்கூடத்தில் ஒருவன் குண்டை வெடிக்கச் செய்ததில் 22 பேர் உயிரிழந்தனர். ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் சாண்டர்ஸ் நடத்திய விசாரணையின் இரண்டாம் தொகுதி 2022 நவம்பரில் வெளிவந்தது. அது முழுவதும் மீட்புப் பணி எப்படி நடந்தது என்பதைப் பற்றியதே. தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அதை வாசிப்பது எளிதாக இல்லை.

அரை மைல் தொலைவில் தீயணைப்பு நிலையம் இருந்தது. ஆனால் துப்பாக்கியுடன் யாரோ உலவுகிறார்கள் என்ற ஐயத்தால், வண்டிகள் ஏறத்தாழ மூன்று மைல் தள்ளியிருந்த இன்னொரு நிலையத்தில் கூடுமாறு பணிக்கப்பட்டன. அவர்கள் சம்பவ இடத்தை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. முன்கூடத்துக்குள் முதல் 40 நிமிடங்களில் ஒரே ஒரு அவசர மருத்துவ உதவியாளர்தான் இருந்தார். பிறகு இருவர் வந்து சேர்ந்தனர், அவ்வளவுதான். ஸ்ட்ரெச்சர் இல்லாததால், காயமுற்றவர்களை விளம்பரப் பலகைகளிலும் தடுப்புக் கம்பிச் சட்டங்களிலும் கிடத்தித் தூக்கிச் சென்றிருக்கிறார்கள்.

காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றும் இணைந்து இயங்குவதற்கென்றே 2012இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி அங்கே பொது நடைமுறையை வகுத்திருந்தார்கள். மூன்று சேவைகளின் தலைமை அலுவலர்களும் ஒரே இடத்தில் கூடி நிற்க வேண்டும் என்பதே அதன் முதல் விதி. அன்றிரவு அது நடக்கவில்லை. ஒவ்வொரு சேவையும் தனக்கெனத் தனித் தலைமையை வைத்துக்கொண்டு தனித்தனியே முடிவெடுத்தது. எனவே என் கருத்து இது: ஒரு சம்பவத்துக்கு ஒரே தலைமை அலுவலர் இருக்க வேண்டும், அவர் யார் என்பது அங்கு வரும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், சீருடையின் நிறம் எதுவானாலும் அவர் சொல்வதே அங்கு செல்ல வேண்டும்.

கரைவேம்பு

தணலோன் ஐயா, நீங்கள் காட்டும் அதே அறிக்கையிலிருந்து உங்கள் முடிவுக்கு நேர் எதிரான முடிவுக்கும் வர முடியும்.

அன்றிரவு காவல்துறைக் கட்டுப்பாட்டு அறையில் ஓர் ஆய்வாளர் பணியில் இருந்தார். நடைமுறைப்படி முதல் கட்டத்தில் எல்லாப் பொறுப்பும் அவரிடமே குவிந்திருந்தது: ஆயுதப் பிரிவை அனுப்புவது, மற்ற சேவைகளுக்குத் தகவல் சொல்வது, மேலதிகாரிகளுக்கு விளக்குவது, இடைவிடாமல் ஒலிக்கும் தொலைபேசியை எடுப்பது அனைத்தும். 10.47 மணிக்கு, ஆயுதமேந்திய தாக்குதல் நடப்பதாகக் கருதி அதற்குரிய அவசரத் திட்டத்தை அவர் அறிவித்தார். அறிவித்ததைத் தீயணைப்புத் துறைக்கோ ஆம்புலன்ஸ் சேவைக்கோ அவர் தெரிவிக்கவில்லை. அந்தப் பொறுப்பில் இருப்பவருக்கு வேலைப்பளு தாங்க முடியாததாகிவிடும் என்பது முந்தைய ஆண்டு நடந்த ஒத்திகையிலேயே தெரியவந்திருந்தது. ஆக, அங்கே ஒற்றைத் தலைமை இல்லாமல் இல்லை. எல்லா நூலையும் ஒருவர் கையில் கொடுத்ததால்தான் அத்தனையும் ஒரே இடத்தில் சிக்குண்டன.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விதியை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றியிருந்தால், உள்ளே காயமுற்றோருக்கு உதவிக்கொண்டிருந்த காவலர்களையும் மற்றவர்களையும் அவர் வெளியே வரச் சொல்லியிருக்க வேண்டும். அவர் அப்படிச் செய்யவில்லை. அதே மீட்புப் பணியை முன்னதாக ஆராய்ந்து 2018இல் வெளிவந்த கெர்ஸ்லேக் அறிக்கை இந்த முடிவைப் பாராட்டியது. உள்ளே இருந்தவர்களும் தலைமையின் ஆணைக்காகக் காத்திருக்கவில்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு குருதியைக் கட்டினார்கள்.

நான் 2005இல் நாகப்பட்டினத்தில் தன்னார்வலராக இருந்தவள். சுனாமியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்த மாவட்டம் அது. எங்கிருந்தெல்லாமோ வந்து குவிந்த நூற்றுக்கணக்கான அமைப்புகளுக்கு எந்த அதிகாரி ஆணையிட முடியும்? மாவட்ட நிர்வாகம் அதற்கு முயலவில்லை என்பதே அதன் சிறப்பு. ஆட்சியர் அலுவலகத்தின் ஒத்துழைப்போடு, சிஃப்ஸ், சினேகா போன்ற அமைப்புகள் முன்னின்று தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையத்தை நிறுவின. எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள், எந்தக் குப்பத்துக்கு இன்னும் எதுவும் போய்ச் சேரவில்லை என்ற விவரத்தைத் திரட்டி எல்லார் பார்வைக்கும் வைப்பதே அதன் வேலை. யாருக்கும் யாரும் கட்டளையிடவில்லை, ஆனாலும் ஒரே ஊருக்கு நான்கு லாரிகள் பழைய துணியைக் கொண்டுபோய்க் கொட்டுவது அதனால் குறைந்தது.

தணலோன்

அம்மா, நாகப்பட்டினத்தில் நீங்கள் செய்தது நிவாரணப் பணி. அங்கே முடிவெடுக்க நாள்கணக்கில் அவகாசம் இருந்தது. நான் பேசுவது முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி.

ஒற்றைத் தலைமை என்றால் ஒருவரே எல்லா வேலையையும் செய்வது என்று பொருள் கொள்ளக் கூடாது. 1970இல் கலிபோர்னியாவில் 13 நாள்கள் எரிந்த காட்டுத்தீக்களில் 16 பேர் இறந்து, ஏறத்தாழ 700 கட்டடங்கள் அழிந்தன. அதன் பிறகு எங்கே தவறு நடந்தது என்று ஆராய்ந்தபோது, ஆள் பற்றாக்குறையும் வண்டிப் பற்றாக்குறையும் முதன்மைக் காரணங்களாகத் தெரியவில்லை. ஒவ்வொரு துறையின் ஒயர்லெஸும் வேறு அலைவரிசையில் இயங்கியது, ஒரே பொருளுக்கு ஒவ்வொருவரும் வெவ்வேறு பெயர் வைத்திருந்தார்கள், ஒரே மேற்பார்வையாளரிடம் அளவுக்கு மீறிப் பலர் வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவற்றுக்குத் தீர்வாகவே சம்பவக் கட்டளை முறை உருவானது. அதன்படி ஒருவருக்குக் கீழே மூவர் முதல் எழுவர் வரைதான் நேரடியாக இருக்கலாம். ஐவர் என்றால் நன்று. களப்பணி, திட்டமிடல், பொருள் வழங்கல், நிதி என்று நான்கு பிரிவுகள் தலைவருக்குக் கீழே இயங்கும். மான்செஸ்டரின் அந்த ஆய்வாளருக்கு இப்படிப்பட்ட ஏற்பாடு இருந்திருந்தால், தொலைபேசியை வேறொருவர் எடுத்திருப்பார். நீங்கள் சுட்டிய குறை, இந்த முறையைக் கடைப்பிடிக்காததால் வந்த குறை.

2001 செப்டம்பர் 11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் தீயணைப்புத் துறையும் காவல்துறையும் தனித்தனிக் கட்டளை மையங்களை நடத்தின. தெற்குக் கோபுரம் விழுந்த பிறகு, வடக்குக் கோபுரமும் நெடுநேரம் தாங்காது என்று மேலே ஹெலிகாப்டரிலிருந்த காவலர்கள் ஒயர்லெஸில் எச்சரித்தார்கள். அது தீயணைப்புத் தலைவர்களின் காதுக்கு எட்டவில்லை. அன்று 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அதே நாளில் தாக்கப்பட்ட அமெரிக்க இராணுவத் தலைமையகமான பென்டகனில், அந்தப் பகுதிக்குரிய ஆர்லிங்டன் தீயணைப்புத் துறை தலைமையேற்றது. கட்டடம் சரியப்போகிறது என்று கணித்து 9.55க்கு எல்லாரையும் வெளியே வரச் சொன்னார் அதன் சம்பவத் தலைவர், 9.57க்கு ஒரு பகுதி சரிந்தது. மீட்புப் பணியாளர் ஒருவருக்கும் காயமில்லை என்கிறது அந்தத் தாக்குதல்களை ஆராய்ந்த அமெரிக்கத் தேசிய விசாரணை ஆணையத்தின் அறிக்கை. இரண்டு நிமிடத்தில் கூட்டம் போட்டுக் கருத்தொற்றுமை காண முடியாது.

நுண்நோக்கி

பொது நிர்வாகம் கற்பிப்பவன் என்பதால் இருவருக்கும் இடையில் குறுக்கிடுகிறேன்.

தணலோன் ஐயா காட்டும் பென்டகன் எடுத்துக்காட்டு சரியானது. ஆனால் அது எதை மெய்ப்பிக்கிறது என்பதில் எனக்கு ஐயம் உண்டு. நியூயார்க்கோடு ஒப்பிட்டால் அது எளிதான களம் என்பதை ஆணையமே ஒப்புக்கொள்கிறது: ஒரே இடம், வானளாவிய கோபுரம் இல்லை, சுற்றிலும் காவல் போடுவது சுலபம். அதற்கும் மேலாக, ஆர்லிங்டன் அலுவலர்களும் புலனாய்வுத் துறையினரும் அண்டை மாவட்டத்தாரும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஒத்திகை பார்த்தவர்கள், ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகியவர்கள். முன்பின் அறியாதவர்களிடம் அதே கட்டளை முறையின் விளக்கப்படத்தைக் கொடுத்திருந்தால் அதே பலன் கிடைத்திருக்குமா?

பேரிடர்ச் சமூகவியலில் குவாரன்டெல்லி, டைன்ஸ் ஆகியோர் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்தது இதைத்தான்: பேரிடரில் மக்கள் செயலிழந்து போவதில்லை, தாமாகவே குழுக்களாகத் திரண்டு வேலையில் இறங்குகிறார்கள், இராணுவப் பாணியிலான கட்டளை முறை அவர்களை இடையூறாகவே பார்க்கிறது. கட்டளை முறையை ஆராய்ந்த பிற்கால ஆய்வாளர்களும், பயிற்சி பெற்றவர்கள் ஒரே வகை வேலையைச் செய்யும் காட்டுத்தீ போன்ற களங்களில் அது நன்றாகவும், பல தரப்பினரும் பொதுமக்களும் கலந்து நிற்கும் களங்களில் அரைகுறையாகவும் இயங்குவதைக் கண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதே அமெரிக்க முறையைத்தான் நமக்கேற்ப மாற்றித் தந்தன. மாவட்டத்தில் ஆட்சியர் பொறுப்பு அலுவலர். அவருக்குக் கீழே சம்பவத் தளபதி. அவருக்குக் கீழே பிரிவுகள். தாளில் குறையே காண முடியாது. ஆனால் ஆட்சியரும் கோட்டாட்சியரும் ஓரிரு ஆண்டுகளில் மாற்றலாகிப் போகிறார்கள். பழகுவதற்குள் ஆள் மாறிவிட்டால், ஆர்லிங்டனில் இருந்த அந்தப் பழக்கம் இங்கே எப்படி உருவாகும்?

நள்ளிரவுப்பணி

நான் ஆம்புலன்சில் அவசர மருத்துவ உதவியாளராக வேலை செய்கிறேன். பெரிய விபத்துகளைப் பற்றி எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம், கேட்பவர்களுக்கு விந்தையாக இருக்கும்: முதலில் போய்ச் சேரும் வண்டி யாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பக் கூடாது. ஒருவர் சுற்றிப் பார்த்து எத்தனை பேருக்கு அடி, எப்படிப்பட்ட அடி என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டும். மற்றவர் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று வகை பிரிக்கத் தொடங்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து கிடக்கும்போது இதைச் செய்து பாருங்கள். கூட்டம் கதவைத் திறந்து, கைக்குக் கிடைத்தவரை, பெரும்பாலும் உரக்கக் கத்துபவரை, உள்ளே ஏற்றி, "எடு வண்டியை" என்று பக்கவாட்டில் தட்டும். கத்தாமல் கிடப்பவர்தான் உண்மையில் சிவப்பு, அதாவது முதலில் கவனிக்க வேண்டியவர். அந்த நேரத்தில் காவலர் ஒருவர் வந்து "இவர் சொல்வதைக் கேளுங்கள்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், நிலைமை மாறிவிடும். அந்தச் சொல்லை நீங்கள் தலைமை என்பீர்களா, ஒருங்கிணைப்பு என்பீர்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பலமுறை அதைச் சொல்ல அங்கே ஆளிருப்பதில்லை. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, உள்ளே நோயாளியை ஏற்றிய வண்டி வெளியேற வழியில்லாமல் நிற்கும்.

தணலோன்

தம்பி சொன்னதைவிடத் தெளிவாக என் தரப்பை என்னால் சொல்ல முடியாது. இதற்கு மேல் நம் ஊர் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்க நடந்த முயற்சியை நினைத்துப் பாருங்கள். கயிறு போட்டார்கள், தனியார் கருவிகளைச் சோதித்தார்கள், தேசிய, மாநிலப் படைகள் வந்தன, பக்கத்தில் குழி தோண்ட ரிக் வந்தது, பாறை தடுத்ததும் அதைவிடப் பெரிய ரிக் வந்தது. அமைச்சர்களும் உயர் அலுவலர்களும் அங்கேயே இருந்தார்கள். ஒருவருடைய உழைப்பையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு முறையைக் கைவிட்டு அடுத்ததற்குப் போவதை முடிவு செய்தவர் யார் என்பது, நேரலையை விடாமல் பார்த்த எனக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

கரைவேம்பு

நேரலையில் தெரியாததால் களத்திலும் இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது, ஐயா. அங்கே எனக்குத் தெரிந்த சிக்கல் வேறு: ஆழ்துளைக் கிணற்று மீட்புக்கென்று ஏற்கனவே பழகிய குழுவோ, பாறையின் தன்மையை முதல் மணி நேரத்திலேயே சொல்லக்கூடிய ஆளோ கையருகில் இல்லை. யாரைத் தலைவர் என்று அறிவித்திருந்தாலும் அந்தப் பாறை இளகியிருக்காது.

தம்பியின் பேச்சிலும் ஒன்றைக் கவனியுங்கள். தன்னைவிடப் பெரிய அதிகாரியை அவர் கேட்கவில்லை. அந்த இடத்தில் யாருக்கு விவரம் தெரியுமோ அவருக்கு வழிவிடச் சொல்லும் ஒரு காவலரைத்தான் கேட்கிறார்.

நுண்நோக்கி

தணலோன் ஐயாவிடம் ஒரு கேள்வி. அமெரிக்க முறையிலேயே, பல துறைகளுக்குச் சட்டப்படி பொறுப்பு இருக்கும் இடத்தில் ஒருவரை மட்டும் தலைவராக்காமல், துறைத் தலைவர்கள் சேர்ந்து ஒரே திட்டத்தை வகுக்கும் கூட்டுத் தலைமை என்ற ஏற்பாடும் உண்டு. பென்டகனிலும் அதுவே நடந்தது. அதை ஏற்கிறீர்களா?

தணலோன்

ஏற்கிறேன், இரண்டு நிபந்தனைகளோடு. அவர்கள் ஒரே மேசையைச் சுற்றி நிற்க வேண்டும். அங்கிருந்து வெளியே போகும் ஆணை ஒரே வாயிலிருந்து போக வேண்டும். முதல் வண்டியில் வந்த அலுவலர், "இன்ன நிலையத்திலிருந்து வந்த நான் பொறுப்பேற்கிறேன்; இடம் இது, ஆபத்து இது, உள்ளே வரும் வழி இது, காயமுற்றோர் ஏறத்தாழ இத்தனை பேர், இன்னின்ன சேவைகள் தேவை" என்று ஒயர்லெஸில் சொல்ல வேண்டும். மூத்தவர் வந்ததும் நேருக்கு நேர் நிலவரத்தைச் சொல்லி ஒப்படைத்துவிட்டு, அதையும் ஒயர்லெஸில் அறிவிக்க வேண்டும்.

நள்ளிரவுப்பணி

எங்கள் கையில் இருப்பது கைபேசி, ஐயா. நீங்கள் ஒயர்லெஸில் சொல்வது எங்களுக்குக் கேட்காது.

கரைவேம்பு

பார்த்தீர்களா? நீங்கள் பட்டியலிட்ட செய்தியில் "பொறுப்பேற்கிறேன்" என்பதைத் தவிர மற்ற அனைத்தும் தகவல். அந்தத் தகவல் இவர் வண்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது; சேராவிட்டால் எத்தனை பெரிய தலைவரும் தன் துறைக்கு மட்டுமே தலைவர். நியூயார்க்கிலும் தெற்குக் கோபுரம் விழுந்ததும் வடக்குக் கோபுரத்தைக் காலி செய்யும் ஆணை பிறந்தது. உள்ளேயிருந்த பலருக்கு அது கேட்கவே இல்லை.

தணலோன்

தகவலிலேயே "உள்ளே வரும் வழி" என்று ஒன்றைச் சொன்னேன், அம்மா. கிழக்குச் சாலை வழியாக வா என்று ஒருவரும் மேற்குச் சாலை வழியாக வா என்று இன்னொருவரும் சொன்னால் அதுவும் தகவல்தானா? இரண்டில் ஒன்றை அடைத்து மற்றதைத் திறந்துவிடுவதற்கு யாரோ ஒருவருக்கு அதிகாரம் வேண்டும். மான்செஸ்டரில் காவல்துறை ஓரிடத்தைக் கூடுமிடம் என்றது, தீயணைப்புத் துறை வேறோரிடத்தைக் கூடுமிடம் என்றது. தத்தம் ஆள்களுக்கு இரண்டு துறைகளும் தகவலைச் சரியாகவே சொல்லியிருந்தன.

கரைவேம்பு

தேர்ந்தெடுக்கும் அதிகாரம் ஒருவருக்கு வேண்டும் என்பதை மறுக்கவில்லை. எந்த வழி திறந்திருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்றுதான் கேட்கிறேன். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளக் கடற்கரை மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூருக்குப் போனார்கள். அவர்களுக்குக் கடல் தெரியும், அந்த ஊர்த் தெரு தெரியாது. எந்தச் சந்துக்குள் தண்ணீருக்கடியில் மதில் இருக்கிறது என்று காட்டத் தெரிந்தவர்கள் அங்கே குடியிருந்தவர்கள்தான். உங்கள் நான்கு பிரிவுகளில் அப்படி வழிகாட்டும் ஊர்க்காரரை எந்தப் பிரிவில் உட்கார வைப்பீர்கள் என்று சொல்லுங்கள், பிறகு தலைவர் யார் என்று பேசலாம்.

தணலோன்

களப்பணிப் பிரிவில், முதல் படகில். அவர் பெயரும் கைபேசி எண்ணும் திட்டமிடல் பிரிவின் பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பலகையை எங்கே வைப்பது என்பதைத் தலைவர் சொல்ல வேண்டும்.