ஜோங்காவுக்குள் மழை: எங்கே அடைப்பது?

ராயபுரத்து ஜோங்கா:
அப்பா ராணுவ ஏலத்தில் எடுத்த 1984 மாடல் ஜோங்கா, பழைய ராணுவ ஜீப். ஜபல்பூர்த் தயாரிப்பு, கேன்வாஸ் கூரை. ஐப்பசி பிறந்தால் போதும், ஓட்டுபவர் முழங்காலில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. முன்கண்ணாடிச் சட்டத்தின் அடியில் சிலிக்கானை அப்பினேன். ஒரு மழைக்கு நின்றது, அப்புறம் பழைய கதை. போன வாரம் கால்மிதியைத் தூக்கினால் தவளை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வாடகை கேட்கலாமா என்று பார்க்கிறேன்.

காசிமேட்டு டிங்கர்:
தம்பி, அந்தச் சிலிக்கான் வினிகர் வாசம் அடித்ததா? அடித்தால் இன்றைக்கே சுரண்டி எடுங்கள். அந்த அமிலம் தகரத்தைத் தின்னும், போதாக்குறைக்கு நம் உப்புக்காற்று வேறு. மடிகிற சட்டம் ஓட்டத்தில் ஆடும், பசை நிற்காது. அடியில் நுரை ரப்பர் பட்டைதான் சரி. முதலில் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். உள்ளே முகப்பவுடர் தூவி, வெளியே ஹோஸ் தண்ணீரைக் கீழிருந்து மேலாக மெதுவாகக் காட்டுங்கள். மேலே ஆரம்பித்தால் எல்லாம் நனைந்து ஒன்றும் புரியாது.

திருவொற்றியூர் தையற்கடை:
கூரையை நைலான் நூலிலா தைத்தீர்கள்? பருத்தி நூல் நனைந்தால் ஊதி ஊசித்துளையை அடைத்துவிடும், நைலான் அடைக்காது. தையல் மேல் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்து, ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள்.

ராயபுரத்து ஜோங்கா:
பவுடர் போட்டுப் பார்த்தேன் அண்ணே. வைப்பர் தண்டு நுழையும் துளையிலிருந்து கோடு இறங்கியிருக்கிறது! ரப்பர் வாஷர் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. சட்டத்தை வீணாகத் திட்டிவிட்டேன். தவளை இன்னும் காலி செய்யவில்லை.