கடைசி வருஷம்: விழித்துப் படித்தும் மார்க் இறங்குகிறது, என்ன செய்வது?

மாலைமாணவி:

பள்ளியில் இது எனக்குக் கடைசி வருஷம். பரீட்சைக்கு இன்னும் நாலு மாதம். இரண்டு மாதமாக இரவு ஒன்றரை மணி வரை உட்கார்ந்து படிக்கிறேன், காலை ஆறுக்கு எழுந்தாக வேண்டும், ஆக நாலரை மணி நேரம் தூங்கினால் அதிகம். உழைத்தால் ஏறும் என்று நம்பித்தான் செய்தேன், மார்க் இறங்கியிருக்கிறது. போன வாரம் நன்றாகத் தெரிந்த ஒரு கணக்கில் மூன்றாவது வரியில் மைனஸை விட்டுவிட்டு அடுத்த பக்கம் வரை தப்பாகவே போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். நேற்று வேதியியல் நோட்டைப் புரட்டினால், கடைசி எட்டு வரி கோட்டை விட்டு இறங்கி இறங்கிப் போகிறது, முடிவில் ஒரே சொல்லை மூன்று தடவை எழுதியிருக்கிறேன். கையெழுத்து என்னுடையதுதான், எழுதிய ஞாபகமே இல்லை. பயந்துவிட்டேன்.

சரி, சீக்கிரம் படுக்கலாம் என்று பதினொன்றுக்குப் படுத்தால், இன்னும் எத்தனை பாடம் பாக்கி என்று மனசு எண்ண ஆரம்பித்துவிடுகிறது. ஒரு மணி நேரம் புரண்டுவிட்டு மறுபடி எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அம்மா, காலை நாலு மணிக்கு எழுந்து படி என்கிறார், அப்படியும் ஒரு வாரம் பார்த்தேன், கண் திறந்திருக்கும், எதுவும் உள்ளே போகாது. "நன்றாகத் தூங்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், தூங்கினால் பாடத்தை எப்போது முடிப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஈரச்சிறகு:

தங்கச்சி, அந்த எட்டு வரியைப் படித்ததும் என் பழைய நோட்டு கண்முன் வந்துவிட்டது. நான் மூன்று வருஷத்துக்கு முன் இதே இடத்தில் நின்றவள். அப்போது எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று இன்றும் நினைக்கிற ஒரு விஷயம், தூக்கம் குறைந்தால் நமக்கே அது தெரியாமல் போய்விடும் என்பதுதான். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பெரியவர்களைத் தொடர்ந்து இரண்டு வாரம் இரவுக்கு ஆறு மணி நேரமோ நாலு மணி நேரமோ மட்டும் படுக்க விட்டுச் சோதித்தார்கள். முடிவில் அவர்களுடைய கவனம், ஓரிரண்டு இரவு கண் மூடாமலே இருந்தவர்கள் அளவுக்குக் கெட்டுப்போயிருந்தது. ஆனால் தூக்கமாக வருகிறதா என்று கேட்டால், லேசாகத்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். உன் மைனஸ் போனது அங்கேதான். உனக்குக் கணக்கு தெரியாமல் இல்லை.

உன் வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் சொல்லும் அளவு. எட்டு உடனே முடியாது என்றால் இந்த வாரம் ஆறுக்குக் கொண்டுவா, அடுத்த வாரம் ஏழு. ஒரே இரவில் மாற்றப் பார்த்தால் நீ சொன்ன மாதிரி புரண்டுகொண்டுதான் கிடப்பாய்.

சாக்பீஸ்:

நான் பதினெட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கே வருகிறேன், அதுதான் சரியான கேள்வி. பாடத்தை எப்போது முடிப்பது? இரவு பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை என்ன செய்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் அனுமானம், ஏற்கெனவே படித்ததைத் திரும்பப் படிக்கிறீர்கள், அல்லது குறிப்பை அழகாக எழுதி வைக்கிறீர்கள். களைத்த மூளைக்கு அதுதான் சுலபம், வேலை செய்த திருப்தியும் கிடைக்கும். ஆனால் நிற்காது.

ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு பேர் 2006-இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியை ஒரு குழு நாலு சுற்று படித்தது, இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு மூன்று சுற்று பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் நாலு சுற்று படித்தவர்கள்தான் மேல். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. பரீட்சை ஐந்து நிமிஷத்தில் வரப்போவதில்லை அல்லவா?

என் பிள்ளைகளிடம் நான் செய்யச் சொல்வது இது. பாடத்தை ஒரு தடவை படித்து, புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் நீல மையில் எழுத வேண்டும். அப்புறம் புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பில் சேர்க்க வேண்டும். மூன்று நாள் கழித்து, சிவப்பில் இருப்பதை மட்டும் மறுபடி முயல வேண்டும். முக்கால் மணி நேரத்தில் முடியும், அதை வீட்டுக்கு வந்ததும் மூளை கொஞ்சம் தெளிவாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். முதல் நாள் தாள் முழுக்கச் சிவப்பாக இருக்கும், மனசு சங்கடப்படும், அதற்காக விட்டுவிடாதீர்கள். அந்தச் சிவப்புதான் நீங்கள் இன்னும் படிக்க வேண்டியது, மற்றதைத் தொடவே வேண்டாம், அங்கேதான் நேரம் மிச்சமாகிறது. இன்னொன்று, பகலில் படித்ததை மூளை பத்திரப்படுத்துவது தூக்கத்தில்தான். தூக்கத்தை வெட்டினால் அன்று படித்ததையும் சேர்த்தே வெட்டுகிறீர்கள்.

ஆந்தைக்கண்:

எனக்கு இரவுப் படிப்புதான் ஒத்துவந்தது, அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னால் காலை ஒன்பது வரை தூங்க முடிந்தது, உங்களால் முடியாது, அதுதான் வித்தியாசம். நாலு மணிக்கு எழுவதைப் பற்றி அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். பதின்ம வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கும், அதனால் பெரியவர்களுக்கு விடிகிற நேரம் உங்கள் உடம்புக்கு நடுராத்திரி. சோம்பல் என்று நினைத்து உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். காபி குடிக்கிறீர்களா? மாலைக்கு மேல் வேண்டாம். எட்டு மணிக்குக் குடித்ததில் பாதி, நள்ளிரவு தாண்டியும் உடம்பில் இருக்கும்.

மாலைமாணவி:

எட்டு மணிக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று என்று இரண்டு காபி குடிக்கிறேன். நிறுத்திவிடுகிறேன். சாக்பீஸ் சார், நீங்கள் சொன்னது அப்படியே உண்மை, அந்த நேரத்தில் குறிப்புதான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் படுத்ததும் மனசு எண்ண ஆரம்பிக்கிறதே, அதை எப்படி நிறுத்துவது? கூடப் படிக்கிறவர்கள் ஒரு மணிக்கு "இப்பதான் ஆறாவது பாடம் முடிச்சேன்" என்று செய்தி போடுகிறார்கள், அதைப் பார்த்ததும் வயிறு கலங்குகிறது.

திண்ணைவாசி:

முதலில் அந்தச் செய்திகள். பத்து மணிக்கு மேல் போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள் அம்மா. ஆறாவது பாடம் முடித்தவருக்கு அதில் எவ்வளவு நின்றது என்று அவருக்கே தெரியாது.

எண்ணத்துக்கு நான் கண்ட வழி, எழுதி வைப்பது. 2018-இல் ஓர் ஆய்வில் படுக்கும் முன் ஐந்து நிமிஷம், அடுத்த நாட்களில் செய்ய வேண்டியதைச் சிலரையும், செய்து முடித்ததைச் சிலரையும் எழுத வைத்தார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிஷம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். "வேதியியல் படிக்க வேண்டும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள், "மாலை ஐந்தரைக்குக் கரிமச் சேர்மங்கள், முதல் பத்துக் கேள்வி" என்று எழுதுங்கள். தாளில் இருக்கிறது என்று தெரிந்தால் மனசு பிடியைக் கொஞ்சம் விடும். இருபது நிமிஷம் ஆகியும் தூக்கம் வரவில்லையா, எழுந்து மங்கலான வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சொக்கியதும் படுங்கள். பாடப் புத்தகத்தை மட்டும் எடுக்காதீர்கள்.

இதையும் சொல்லாமல் போக எனக்கு மனசில்லை. சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்றால், அது நேர அட்டவணையால் தீர்கிற விஷயம் இல்லை. அன்றைக்கே அம்மாவிடமோ நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

மாலைமாணவி:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். அந்த அளவுக்கு இல்லை ஐயா, ஆனால் கேட்டதற்கு நன்றி, அன்று படித்துவிட்டு அம்மாவிடம் நிறையப் பேசினேன். இப்போது பதினொன்றுக்குப் படுக்கிறேன், மூன்று நாள் மட்டும் தவறியது. முதல் வெற்றுத்தாளில் நீலம் ஆறே வரி, மீதி எல்லாம் சிவப்பு, அழுகையே வந்துவிட்டது. நேற்று அதே பாடத்தில் சிவப்பு நாலு வரிதான். அடுத்த கணக்குப் பரீட்சை வியாழக்கிழமை, மார்க் வந்ததும் சொல்கிறேன். ஒரு சந்தேகம், மதியம் தூங்கலாமா?

சாக்பீஸ்:

இருபது நிமிஷம், மூன்று மணிக்குள். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், நீண்டால் எழுந்ததும் தலை கனக்கும். வியாழக்கிழமை கணக்கை முடித்ததும் மைனஸ் குறிகளை மட்டும் ஒரு தடவை விரல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.