ஆபீஸ் அரட்டைச் செயலி: பாதுகாப்பா, இம்சையா?

இரவுப்பணி:
எங்கள் ஆபீஸில் வாட்ஸாப்பில் வேலை விஷயம் பேசக்கூடாது என்று சுற்றறிக்கை. சரி, பேசவில்லை. ஆனால் அவர்கள் கொடுத்த செயலியில் கொஞ்சம் பெரிய கோப்பு என்றால் போகாது. சற்று நேரம் தொடாமல் விட்டால் வெளியே தள்ளிவிடும், திரும்ப நுழைய ஓடிபி. போன வாரம் நள்ளிரவில் சர்வர் படுத்தபோது மேலாளரே வாட்ஸாப் குரூப் தொடங்கி எல்லாரையும் சேர்த்துவிட்டார். எரர் ஸ்கிரீன்ஷாட், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எல்லாம் இப்போது அதில்தான் கிடக்கிறது. இந்த லட்சணத்தில் 60 நாளைக்கு ஒருமுறை பாஸ்வேர்டை வேறு மாற்ற வேண்டுமாம். பாதிப் பேர் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிக்கொள்கிறார்கள்.

பூட்டுச்சாவி:
நான் செக்யூரிட்டி டீம், திட்டுவதென்றால் திட்டுங்கள். அந்தக் குரூப்பில் இருக்கும் ஒருவர் நாளைக்கே வேலையை விட்டுப் போனால், அவர் போனில் இருக்கும் பாஸ்வேர்டை யார் போய் அழிப்பது? ஊழியர்கள் வாட்ஸாப்பில் அலுவல் பேசியதைப் பதிவு செய்து வைக்காததற்காக அமெரிக்க வங்கி ஜேபி மோர்கன் 2021 டிசம்பரில் 20 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

இரவுப்பணி:
அது நிதித் துறைச் சட்டம் சார், எங்களுக்குப் பொருந்தாது. பாஸ்வேர்டுக்கு வாருங்கள். கசிந்ததற்கு ஆதாரம் இல்லாமல் நாள் கணக்கு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்காவின் தொழில்நுட்பத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017லேயே சொல்லிவிட்டது. மைக்ரோசாப்டும் 2019ல் விண்டோஸுக்கான பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து அதை எடுத்துவிட்டது.

பூட்டுச்சாவி:
அதில் சண்டையே இல்லை. ஆடிட்டர் தாளில் அந்த வரி இருக்கும்வரை எங்களால் விட முடியாது, அவ்வளவுதான். ஆனால் ஓடிபி மாதிரியான உள்நுழைவுச் சரிபார்ப்பில் கை வைக்காதீர்கள். 2022ல் ஊபரில் என்ன ஆனது? ஒப்பந்த ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டு வெளியே போயிருந்தது. அவர் போனுக்கு 'நுழைவது நீங்கள்தானா?' என்று ஒப்புதல் கோரிக்கை திரும்பத் திரும்ப வந்தது, கடைசியில் ஒன்றை ஏற்றுவிட்டார். உள்ளே வந்தவன் அவர்களுடைய ஆபீஸ் அரட்டைச் செயலியான ஸ்லாக்கிலேயே அறிவிப்பும் போட்டான்.

மூன்றாம் மேசை:
இந்த உதாரணம் உங்களுக்கே எதிராகப் பேசுகிறதே! நாள் முழுக்க 'ஆம்' அழுத்த வைத்தால் கை தானாக அழுத்தத்தான் செய்யும். திரையில் காட்டும் எண்ணைப் பார்த்துப் போனில் தட்டச்சு செய்யும் முறையோ, பாஸ்வேர்டுக்குப் பதில் கைரேகை போன்ற போன் பூட்டால் நுழையும் பாஸ்கீயோ வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

அப்புறம், யார் ஏமாறுகிறார்கள் என்று பார்க்க நீங்களே மோசடி மெயில் மாதிரி அனுப்பும் அந்தப் போலி ஃபிஷிங் மெயில் பரீட்சை. ஏமாந்தவர் பெயரை எங்கள் டீம் மீட்டிங்கில் திரையில் காட்டினார்கள். அதிலிருந்து நிஜமாகவே எதையாவது க்ளிக் செய்தவன்கூட வாயைத் திறப்பதில்லை. இதுவா நீங்கள் கேட்ட பாதுகாப்பு?

பூட்டுச்சாவி:
பெயரைக் காட்டியது அநியாயம்தான். என் கையில் இருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். ஆனால் இரவுப்பணி, கோப்பு அளவைக் கூட்டச் சொல்லி ஐடி டீமுக்கு டிக்கெட் (புகார்) போட்டீர்களா? கேட்காமலே வாட்ஸாப்புக்கு ஓடினால் எப்படி?

இரவுப்பணி:
போட்டேனே. 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். என்ன தீர்த்தார்கள் என்று பார்க்கப் போனால், அந்தப் பக்கத்தைத் திறக்க எனக்கு அனுமதி இல்லையாம்.