ஸ்டுட்கார்ட்டில் புது வீடு: வாடகை, அட்வான்ஸ், சமையலறை மூன்றும் ஒரே மாதத்தில், கையில் 6,100 யூரோ. எப்படிச் சமாளிப்பது?

கொடுமுடியான்

வணக்கம். வேலைக்காக ஸ்டுட்கார்ட் வந்து ஏழு வாரம் ஆகிறது. கம்பெனி கொடுத்த தற்காலிக அறையை இந்த மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். மனைவியும் இரண்டு வயது மகளும் அடுத்த மாதம் 20-ஆம் தேதி வருகிறார்கள். முப்பது வீட்டுக்கு மேல் விண்ணப்பித்து, கடைசியில் ஒன்று கிடைத்துவிட்டது. 1-ஆம் தேதி சாவி.

வெறும் வாடகை 940, தண்ணீர், ஹீட்டிங், குப்பை எல்லாம் சேர்த்து 1,210 யூரோ. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, 2,820. இதுவரை சரி. ஆனால் வீட்டில் சமையலறையே இல்லை. சிங்க் கூடக் கிடையாது, சுவரில் மூடி போட்ட இரண்டு குழாய் முனைகள்தான். இப்போது குடியிருப்பவர் தன்னுடைய அலமாரி, அடுப்பு, ஃபிரிட்ஜ், சிங்க் எல்லாவற்றையும் 2,600 யூரோவுக்கு விட்டுப் போகிறேன் என்கிறார். இரண்டு நாளில் பதில் வேண்டுமாம்.

மூன்றையும் கூட்டினால் 6,630. இந்த மாதச் சம்பளத்தையும் சேர்த்து என்னிடம் இருப்பது 6,100. கட்டில், மெத்தை, வாஷிங் மெஷின் எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை. போன மாதச் சம்பளமும் நான் எதிர்பார்த்ததை விட மிகக் குறைவாக வந்தது, ஏன் என்றே தெரியவில்லை. அப்பா ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்து ஐந்து லட்சம் அனுப்புகிறேன் என்கிறார். அதை வாங்க மனசு வரவில்லை. ஒரு ஃபர்னிச்சர் கடையில் வட்டியில்லாத் தவணை என்று போட்டிருந்தார்கள், அதை எடுக்கலாமா?

குழந்தை வரும்போது வீடு வீடாக இருக்க வேண்டும். எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது என்று சொல்லுங்கள்.

நெக்கர்க்கரை

முதலில் அட்வான்ஸ். அதை ஒரே தவணையில் கட்ட வேண்டியதில்லை. ஜெர்மன் சிவில் சட்டம் 551-ஆம் பிரிவு: வெறும் வாடகையைப் போல மூன்று மடங்குக்கு மேல் கேட்கக்கூடாது, அதையும் மூன்று சம மாதத் தவணையாகக் கட்டும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. முதல் தவணை குடியேற்றம் தொடங்கும்போது, மற்ற இரண்டும் அடுத்த இரண்டு மாத வாடகையோடு. ஒப்பந்தத்தில் 'முழுத்தொகையும் உடனே' என்று எழுதியிருந்தாலும் அந்த வரி செல்லாது.

உங்கள் கணக்கில் முதல் மாதம் 1,210 + 940 = 2,150. கையில் 3,950 நிற்கிறது. வீட்டுக்காரருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "அட்வான்ஸை மூன்று தவணையாகக் கட்டுகிறேன், முதல் தவணை 1-ஆம் தேதி வந்துவிடும்." இங்கே இது சகஜம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது, உங்கள் சம்பளச் சீட்டில் 'ஸ்டொயர்கிளாஸ்ஸே', அதாவது வரி வகுப்பு, என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது? 6 என்று இருந்தால் அதுதான் காரணம். வரி அடையாள எண் கம்பெனிக்குப் போய்ச் சேரவில்லை என்றால் ஆறாவது வகுப்பில் பிடித்துவிடுவார்கள். பிடித்தம் மிக அதிகமாக இருக்கும்.

கொடுமுடியான்

அண்ணா, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், 6 என்றுதான் இருக்கிறது. ஆன்மெல்டுங் (முகவரிப் பதிவு) முடித்து நான்கு வாரம் ஆகிறது. வரி எண் தபாலில் வரும் என்றார்கள், வரவில்லை.

நெக்கர்க்கரை

தபால்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா?

கொடுமுடியான்

இல்லை. கம்பெனி பெயர்தான் இருக்கிறது.

நெக்கர்க்கரை

அப்படியென்றால் கடிதம் திரும்பிப் போயிருக்கும். இந்த ஊரில் தபால்காரர் வீட்டு எண்ணோடு பெட்டியில் இருக்கும் பெயரையும் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் வங்கி அட்டை, இன்சூரன்ஸ் அட்டை, வரி எண் எதுவும் உங்களை வந்து சேராது. இன்றே ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். புது வீட்டில் சாவி வாங்கிய அன்றே பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பெயர் ஏற வேண்டும்.

வரி எண்ணைத் திரும்ப அனுப்பச் சொல்லி இணையத்தில் கேட்கலாம், ஆனால் அதுவும் தபாலில்தான் வரும், வாரக்கணக்கில் ஆகும். நான் பாஸ்போர்ட்டும் ஆன்மெல்டுங் சீட்டும் எடுத்துக்கொண்டு நேராக வருமான வரி அலுவலகத்துக்குப் போனேன், அங்கேயே கொடுத்தார்கள். நீங்களும் போய்க் கேளுங்கள். எண் கிடைத்ததும் கம்பெனியில் கொடுத்தால், கூடுதலாகப் பிடித்ததை அடுத்த சம்பளங்களில் சரிசெய்வார்கள். உங்கள் பணம் எங்கும் போகவில்லை.

மனைவி வந்து பதிவு செய்ததும் உங்கள் இருவருக்கும் 4-ஆம் வகுப்பு தானாக விழும். அவருக்கு இப்போதைக்கு வேலை இல்லையென்றால் 3/5 (உங்களுக்கு 3, அவருக்கு 5) கேட்டு விண்ணப்பியுங்கள், மாதாமாதம் கையில் வரும் தொகை நன்றாகவே கூடும். மகளுக்கு கிண்டர்கெல்ட் (அரசு தரும் குழந்தை உதவித்தொகை) உண்டு, 2026-இல் மாதம் 259 யூரோ. அதற்கும் தனி விண்ணப்பம். இந்த இரண்டும் கைக்கு வந்தபிறகு சோஃபா பற்றி யோசிக்கலாம்.

பனங்காய்ப் பணியாரம்

தம்பி, நான் யாழ்ப்பாணம், இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் குசினிக்கு 2,600 குடுக்காதீங்கோ. எத்தனை வருடம் பாவிச்சது என்று கேளுங்கோ, வாங்கின பில் இருக்கா என்றும் கேளுங்கோ. இப்படி விட்டுப் போற சாமானுக்கு இன்றைய பெறுமதியை விடக் கண்டபாட்டுக்குக் கேட்கக்கூடாது என்று சட்டமே இருக்கு. பெறுமதிக்கு மேல் பாதிக்கும் கூடுதலாக வாங்கினால் அந்தக் கூடுதல் காசைத் திருப்பிக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் தீர்ப்பு இருக்கு. அவருக்கும் அவசரம்தான் தம்பி. நீங்கள் வாங்காவிட்டால் அவர் எல்லாத்தையும் கழற்றிக்கொண்டு போக வேணும், அதுக்கு ஆள் கூலி, வான் வாடகை. போய் நேரில் நின்று கதையுங்கோ.

போனால் அடுப்பைப் போட்டுப் பாருங்கோ, நாலு தட்டும் சூடேறுதா என்று. ஃபிரிட்ஜ் கதவின் ரப்பருக்குள் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுங்கோ. சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. சிங்குக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பாருங்கோ, பலகை ஊதியிருந்தால் தண்ணி கசிஞ்சிருக்கு. வாங்கினால் என்னென்ன சாமான், எவ்வளவு காசு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ.

இன்னுமொரு விசயம். கூரையைப் பார்த்தீங்களா? பல்பும் இராது, ஹோல்டரும் இராது, இரண்டு மூன்று வயர் மட்டும் தொங்கும். முதல் இரவு இருட்டுக்குள்ள நிற்காமல் ஒரு மேசை விளக்காவது கொண்டு போங்கோ. விளக்குமாறும் மொப்பும் அன்றைக்கே வேணும். நீங்கள் இருக்கிறது சுவாபியர் ஊர், மாடிப்படி கூட்டுற முறை வாரத்துக்கு ஒரு வீட்டுக்கு வரும். உங்கள் முறை வந்தால் கதவில் ஒரு பலகை தொங்கும். வந்த புதிதில் அதைச் சரியாகச் செய்தால் பக்கத்து வீட்டுக்காரர் உங்களை வடிவாகப் பார்ப்பார்கள், பிள்ளை ஓடி விளையாடுற சத்தத்துக்கும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

மின்கம்பி

அடுப்பு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இது பாதுகாப்பு விஷயம். இங்கே பெரிய அடுப்புகளுக்கு பிளக் இருக்காது, சுவரிலிருந்து வரும் 400 வோல்ட் மும்முனை இணைப்பில் நேராகக் கட்டுவார்கள். தகுதி பெற்ற எலக்ட்ரீஷியன்தான் அதைத் தொட வேண்டும். நண்பரை வைத்து நீங்களே மாட்டாதீர்கள். பழையவர் அடுப்பை இணைப்போடு விட்டுப் போனால் அந்தச் செலவு உங்களுக்கு மிச்சம், பேரம் பேசும்போது அதையும் மனதில் வையுங்கள்.

பேரம் படியவில்லையா? சாதாரண பிளக்கில் செருகும் இரட்டைத் தட்டு அடுப்பு ஒன்று வாங்கி இரண்டு மாதம் ஓட்டலாம், பயமில்லை. சுவர் சாக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் வேண்டாம். ஒரு 16 ஆம்பியர் லைன் சுமார் 3,600 வாட் தாங்கும். இரட்டைத் தட்டு 2,500, கெட்டில் 2,000. அதே லைனில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஃப்யூஸ் விழும்.

மனைவி ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுவரட்டும். நம் ஊரிலும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதனால் டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை, பிளக் மாற்றி போதும். எர்த் உள்ள மாற்றியாகப் பாருங்கள். விமான நிலையத்தில் விற்கும் பயண அடாப்டர் பலவற்றில் எர்த் கிடையாது. குக்கர் எடுத்து வைக்கும் முன் வீட்டு அடுப்பு இன்டக்‌ஷனா சாதாரணக் கண்ணாடி அடுப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்டக்‌ஷன் என்றால் வெறும் அலுமினியக் குக்கர் சூடாகவே ஆகாது. அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரங்களை மட்டும் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

வரவு செலவு

அப்பா அனுப்புவதைப் பற்றி. அவர் பெயரில், நெருங்கிய உறவினருக்கு என்று அனுப்பலாம், ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை அனுமதி. ஏப்ரல் 2025-லிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் (அனுப்பும்போதே முன்கூட்டி வாங்கும் வரி) பிடித்தமும் இல்லை. ஆனால் மேலே சொன்ன கணக்கைப் பார்த்தால் உங்களுக்கு அது தேவைப்படாது போலிருக்கிறது. டெபாசிட் அப்படியே இருக்கட்டும். தேவைப்பட்டால் மட்டும், கட்டணத்தை ஒப்பிடாமல், 'ஒரு லட்சம் கொடுத்தால் ஸ்டுட்கார்ட் கணக்கில் எத்தனை யூரோ விழும்' என்று இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். வங்கிகள் லாபத்தை எடுப்பது பெரும்பாலும் மாற்று விலையில்தான். ஊரில் உங்கள் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவருக்கான ரூபாய்க் கணக்கு) ஆக மாற்றுவதையும் மறக்காதீர்கள்.

வட்டியில்லாத் தவணை வேண்டாம். வட்டி இல்லாவிட்டாலும் அது வங்கிக் கடன்தான், ஷூஃபா என்ற கடன் தகவல் நிறுவனத்தின் பதிவில் ஏறும். உங்களுக்கு வேலை தகுதிகாண் காலம் வேறு. குடும்பம் வந்திறங்கும் மாதத்தில் ஒரு கடனைத் தோளில் ஏற்றாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகளுக்கு ஒரு 600 யூரோ தனியாக வையுங்கள். வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08 என்று கடிதம் வரும். டிவி இல்லை என்றாலும் கட்ட வேண்டும், அது மோசடிக் கடிதம் என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பிறர் பொருளுக்குச் சேதம் செய்தால் ஈடுகட்டும் ஹாஃப்ட்ஃப்ளிக்ட் காப்பீடு ஒன்று எடுங்கள், ஆண்டுக்கு அதிகம் ஆகாது. சிறு குழந்தை செய்யும் சேதத்தையும் சேர்த்துக்கொள்ளும் திட்டமாகப் பாருங்கள்.

மின்சாரம்: சாவி வாங்கும் நாளில் மீட்டரைப் படம் எடுங்கள், அதன் எண்ணும் ரீடிங்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒப்பந்தம் எதுவும் போடாமல் விளக்கைப் போட்டாலே அந்தப் பகுதியின் அடிப்படை நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆகிவிடுவீர்கள். விலை பெரும்பாலும் கூடுதல். இரண்டு வார அறிவிப்பில் மாறலாம்.

எனக்கு நடந்த ஒன்று. ஒரு மின்நிறுவனம் ஒரே மாதம் இரண்டு முறை பணம் எடுத்துவிட்டது. தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, கணக்கிலிருந்து நேராக எடுக்கும் தொகையை எட்டு வாரத்துக்குள் காரணம் சொல்லாமலே வங்கிச் செயலியில் திருப்பி வாங்கலாம் என்று. கூடுதலாக எடுத்ததை மட்டும் திருப்பினேன். உண்மையாகவே கட்ட வேண்டிய தொகைக்கு இதைச் செய்யாதீர்கள், நோட்டீஸ் வரும்.

கொடுமுடியான்

மூன்று நாளாக ஓட்டம், அதனால்தான் பதில் எழுத முடியவில்லை. வரி அலுவலகத்தில் எண்ணைக் கையில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். கம்பெனியில் அடுத்த மாதம் சரிசெய்வதாகச் சொன்னார்கள். வீட்டுக்காரர் தவணைக்கு ஒரே வரியில் 'சரி' என்று பதில் போட்டார்.

சமையலறைக்கு நேரில் போனேன். பில் எடுத்துக் காட்டினார், ஒன்பது வருடப் பழசு. அக்கா சொன்ன மாதிரி ஃபிரிட்ஜ் கதவில் காகிதம் வைத்து இழுத்தேன், அப்படியே கையோடு வந்தது. அவரே பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார். 1,300-க்கு முடிந்தது, அடுப்பு இணைப்போடு. கண்ணாடி அடுப்புதான், அதனால் மனைவி அலுமினியக் குக்கரையே கொண்டுவருகிறாள். அப்பாவிடம் டெபாசிட்டை உடைக்க வேண்டாம் என்று சொன்னேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "சரி சாமி" என்றார்.

மீதி 2,650-இல் 600-ஐத் தொடவில்லை. மெத்தை மட்டும் புதிது. கட்டிலும் சாப்பாட்டு மேசையும் பழைய பொருள் விளம்பரத்தில் எடுத்தேன். மகளுக்கு ஸ்வெட்டர், குளிர் காலணி, மூன்று சக்கர வண்டி எல்லாம் குழந்தைப் பொருள் சந்தையில் 38 யூரோ. வாஷிங் மெஷின் புதிதாகவே ஆர்டர் போட்டுவிட்டேன், குழந்தை வரும் வீடு.

கொடுமுடியான் (மூன்று வாரம் கழித்து)

வீட்டுக்கு வந்தாயிற்று. நாளை மறுநாள் அவர்கள் வருகிறார்கள். ஒரு அவசர உதவி. வாஷிங் மெஷினை இன்று முதல் முறை போட்டேன். துவைக்கும்போது சரியாக இருந்தது, பிழியத் தொடங்கியதும் பயங்கரச் சத்தம், மெஷின் சுவரிலிருந்து ஒரு முழம் நடந்து வந்துவிட்டது. பயந்து நிறுத்திவிட்டேன். பழுதான மெஷினை அனுப்பிவிட்டார்களா?

மின்கம்பி

பின்பக்கம் பாருங்கள். பெரிய போல்ட் மூன்றோ நான்கோ இருக்கும், கொண்டுவரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் போட்டது. அதைக் கழற்றாமல் ஓட்டியிருக்கிறீர்கள். திரும்பப் போடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, எல்லாவற்றையும் கழற்றுங்கள், கூடவே வந்த பிளாஸ்டிக் மூடியால் துளைகளை அடையுங்கள். கால்களைத் திருகி மட்டம் பாருங்கள், ஒரு மூலையை அழுத்தினால் ஆடக்கூடாது. பிறகு துணி இல்லாமல் ஒரு சுற்று விட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

கொடுமுடியான்

நான்கு போல்ட். கழற்றிவிட்டேன். இப்போது பிழியும்போது மேலே டம்ளரில் தண்ணீர் வைத்தாலும் சிந்தவில்லை. ரொம்ப நன்றி அண்ணா.

மின்கம்பி

நல்லது. அந்த நான்கையும் ஒரு பையில் போட்டு மெஷினின் பின்னாலேயே ஒட்டி வையுங்கள். வீடு மாறும்போது திரும்பப் போட வேண்டும்.