பிஎம்டபிள்யூ ஜினா: துணி போர்த்திய கார் தொய்யாமல் எப்படி நிற்கிறது?

குஷன் கடைக்காரன், திண்டுக்கல்

எல்லாருக்கும் வணக்கம். குஷன் கடை வைத்திருக்கிறேன். ஆட்டோவுக்கு ஹூட், வேனுக்கு சீட் கவர், லோடு வண்டிக்குத் தார்ப்பாய், இதுதான் பிழைப்பு. கார் டிசைன் நான் படித்ததில்லை. ஆனால் துணியை இழுத்துக் கம்பியில் மாட்டுகிற விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

என் மகன் போனில் ஒரு வீடியோ காட்டினான். பிஎம்டபிள்யூ கம்பெனி 2008இல் வெளியே காட்டிய ஜினா என்ற கான்செப்ட் கார், அதாவது விற்க இல்லாமல் யோசனையைக் காட்டச் செய்கிற மாதிரி வண்டி. வெளியே தகடு கிடையாது. உள்ளே கம்பிக் கூடு, அதன்மேல் பாலியூரித்தேன் பூசிய ஸ்பான்டெக்ஸ். நீச்சல் உடை தைக்கிற அதே இழுவைத் துணி வகைதான். மொத்த உடம்புக்கும் முக்கியமாக நான்கே துண்டு. அதில் பெரிய துண்டு முகப்பில் ஆரம்பித்து முன்கண்ணாடி வரைக்கும், பக்கவாட்டில் கதவின் பின்விளிம்பு வரைக்கும் போகிறது. அதாவது பானெட்டும் கதவும் ஒரே துணி, நடுவில் வெட்டே இல்லை!

என் கண் நின்றது கதவில்தான். கதவு மேலே தூக்கிக்கொண்டு திறக்கிறது. கீல் பக்கம் துணி முழங்கையை மடக்கினால் சட்டை சுருங்குமே, அப்படிச் சுருங்குகிறது. மூடினால் ஒரு சுருக்கம்கூட இல்லை, இஸ்திரி போட்டதுபோல் ஆகிவிடுகிறது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

ஆட்டோ ஹூட்டில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். துணி முதலில் சாகிற இடம் மடிப்பு. ரெக்ஸினின் மேல்பூச்சு அங்கே மயிரிழையாக வெடிக்கும், பிறகு அடித்துணி வெளுப்பாகத் தெரியும், அடுத்த மழையில் தண்ணீர் இறங்கும். சில வண்டிகளில் துணி நன்றாகவே இருக்கும், தையல் விட்டுவிடும். வெயில் நூலைத்தான் முதலில் தின்னும். நல்ல பாலியெஸ்டர் நூல் போட்டால் தாங்கும், ஆனால் அந்த வித்தியாசத்துக்குக் காசு தர ஆள் வேண்டுமே. அதனால்தான் கேட்கிறேன்: தினமும் திறந்து மூடினால் அந்தக் கீல் மடிப்பு என்ன ஆகும்? வெயிலில் நின்றால் இழுவை விட்டுத் தொங்காதா? இதெல்லாம் சரி என்றால், இத்தனை வருடத்தில் ஒருவர்கூட ஏன் இதை ரோட்டுக்குக் கொண்டுவரவில்லை?

இசார் கரை, மியூனிக்

அண்ணா, நான் இங்கே மியூனிக்கில் இருக்கிறேன். பிஎம்டபிள்யூ மியூசியத்தில் அந்தக் காரைப் பார்த்திருக்கிறேன். வெள்ளிச் சாம்பல் நிறம். தொட விடமாட்டார்கள், ஆனால் கிட்டே குனிந்து பார்த்தால் துணிக்கு அடியில் கம்பியின் முதுகு எங்கே போகிறது என்று தெரிகிறது. பக்கவாட்டில் ஓடும் கூரான கோடு தகட்டில் அடித்த மடிப்பு இல்லை, உள்ளே இருக்கும் எலும்பு துணியைத் தள்ளி நிற்பது.

2008இல் காட்டினார்களே தவிர, கார் அதற்குப் பல வருடம் முன்பே தயாராகி உள்ளேயே பூட்டிக் கிடந்தது. அப்போது டிசைன் தலைமை கிறிஸ் பேங்கிள். அடியில் இருப்பது பிஎம்டபிள்யூவின் இசட்8 ஸ்போர்ட்ஸ் காரின் சேஸி, 4.4 லிட்டர் வி8 எஞ்சின். பொம்மை இல்லை, ஓடும். விற்பனைக்குக் கொண்டுவரும் எண்ணமே கிடையாது என்று கம்பெனி அன்றைக்கே சொல்லிவிட்டது. கார் என்றால் தகடு, தகடு என்றால் மாறாத உருவம் என்பதைத் தங்கள் ஆட்களே கேள்வி கேட்கட்டும் என்று செய்தது.

நீங்கள் கதவைப் பார்த்தீர்கள், எனக்குப் பிடித்தது விளக்குகள்தான். தேவையில்லாதபோது முன்விளக்கு துணிக்குள் மறைந்திருக்கும், போட்டால் துணி விலகி வெளியே தெரியும். பின்விளக்குக்கு அதுகூட இல்லை, வெளிச்சம் துணியின் ஊடாகவே வருகிறது. பானெட்டைத் தூக்க முடியாது. நடுவில் நீளவாக்கில் பிளந்து எஞ்சினைக் காட்டும். கூட்டின் சில பகுதிகளை மின்சார மோட்டாரும் ஹைட்ராலிக்கும் நகர்த்துகின்றன, அதனால் ஓடும்போதே பின்பக்கம் ஸ்பாய்லர் என்கிற காற்றுத் தடுப்பு விளிம்பு எழும்புகிறது, துணியும் கூடவே எழும்புகிறது. இதைத் தகட்டில் செய்தால் எத்தனை இடுக்கு, எத்தனை விளிம்பு வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நூலும் சாயமும், கோவை

துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குஷன் கடைக்காரர் கேட்ட முதல் இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஸ்பான்டெக்ஸ் இழையே பாலியூரித்தேன்தான். அதில் மென்மையான கண்ணியும் இறுக்கமான கண்ணியும் மாறி மாறி வரும். இழுத்தால் மென்கண்ணி நீளும், இறுக்கக் கண்ணி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நழுவாமல் நிற்கும், விட்டால் மென்கண்ணி தானே சுருங்கித் திரும்பிவிடும். தன் நீளத்தைப் போலப் பல மடங்கு நீண்டுவிட்டுத் திரும்பும். அதனால் கதவுச் சுருக்கம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. உங்கள் ரெக்ஸினில் வெடிப்பு வரக் காரணம், பூச்சு ஒரு குணம், அடித்துணி வேறு குணம். இங்கே இழையும் பூச்சும் ஒரே குடும்பம்.

ஆபத்து மடிப்பில் இல்லை சார், மூடி நிறுத்தியிருக்கும்போதுதான். எப்போதும் இழுத்தபடியே வைத்தால் இழுவை மெல்ல மெல்லக் குறையும். சூடு அதை வேகமாக்கும். புற ஊதாக் கதிர் ஸ்பான்டெக்ஸை மஞ்சளாக்கிப் பலவீனப்படுத்தும். மேல்பூச்சு கொஞ்சம் காப்பாற்றும். துணி தளராது, சூட்டுக்கும் ஈரத்துக்கும் அளவு மாறாது என்று பிஎம்டபிள்யூ சொன்னது. மியூசியக் கூரைக்குக் கீழே நிற்கிற காருக்கு அது போதும். சித்திரை வெயிலில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிறுத்துகிற காருக்குப் போதுமா என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இன்னொன்று, இதை யாரும் பேசுவதில்லை. இரண்டு கம்பிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய துணி வெளிப்பக்கம் புடைக்காது. தட்டையாக நிற்கும், அல்லது உள்வாங்கும். புடைக்க வேண்டுமென்றால் பின்னால் ஏதாவது தாங்க வேண்டும், இல்லையென்றால் காற்று ஊத வேண்டும். ஜினாவின் உடம்பை மறுபடி பாருங்கள்: கூரான முதுகு, பக்கத்தில் பள்ளம், மறுபடி முதுகு. பேங்கிளின் ரசனையில் பாதி அந்தத் துணியின் பிடிவாதம் என்பது என் கணிப்பு.

குஷன் கடைக்காரன், திண்டுக்கல்

நூலும் சாயமும் சார், கடைசியில் சொன்னீர்களே, அது நூற்றுக்கு நூறு. ஆட்டோ ஹூட்டுக்கு முதுகு உருண்டையாக வர வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். கம்பி எங்கே இருக்கிறதோ அங்கேதான் உருண்டை வரும், நடுவில் குழி விழத்தான் செய்யும். கூட ஒரு வில் வைத்து வெல்டிங் அடித்துத் தந்தால் சரி, இல்லையென்றால் முடியாது என்பேன்.

ஆனால் காற்று விஷயம் இருக்கிறதே. தார்ப்பாய் போட்ட லாரி பைபாஸில் போகும்போது பாருங்கள், நடுவில் எழும்பி எழும்பி அடிக்கும். பிஎம்டபிள்யூ என்றால் 200 கிலோமீட்டர் வேகத்தில் போவார்களே, அப்போது?

பிரஸ் ஷாப், ஒரகடம் பக்கம்

கார் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் டை, அதாவது தகட்டுக்கு உருவம் கொடுக்கிற அச்சு, அதன் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். என் சோற்றில் கைவைக்கிற கார் இது, அதனால் கொஞ்சம் பாரபட்சமாகத்தான் பேசுவேன்.

காற்றுக்குப் பதில்: நீங்கள் சொல்வது துணிக்கூரையை மடித்துத் திறக்கிற கன்வெர்ட்டிபிள் கார்களிலேயே உண்டு. வேகம் ஏறினால் மேலே ஓடும் காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் காற்று துணிக்கூரையை மேலே தள்ளும். அதனால்தான் அந்தக் கூரைத் துணியில் மேலே அக்ரிலிக், நடுவில் ரப்பர், கீழே பாலியெஸ்டர் என்று அடுக்கு வைத்து, உள்ளே வில் வைத்துப் பிடிக்கிறார்கள். அதுகூட வருடக்கணக்கில் வெயிலில் நிற்கிறது, பிறகு மாற்றவும் மாற்றுகிறார்கள். ஆக, காரில் துணி என்பது அதிசயம் இல்லை.

ரோட்டுக்கு ஏன் வரவில்லை? கணக்குப்படி பார்த்தால் வந்திருக்க வேண்டும். ஒரு மாடலுக்கு டை செய்யவே கோடிக்கணக்கில் போகும். கார் பிளான்ட்டில் அதிகமாக எனர்ஜி குடிப்பது பெயின்ட் ஷாப். துணி உடம்புக்கு இரண்டுமே வேண்டாம்.

ஆனால் இன்றைய காரில் தகடு வெறும் போர்வை இல்லை. பக்கவாட்டுத் தகடு, கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரம் தாங்குகிறது, மோதும்போது நசுங்கி அடியை வாங்குகிறது. ஜினாவில் அந்த வேலையை அடியில் இருக்கும் இசட்8இன் அலுமினியச் சட்டம் பார்க்கிறது. அப்போது துணிக்காக இன்னொரு கூடு கூடுதல் எடைதான். பானெட்டுக்கோ வேறு சோதனை: நடந்துபோகிறவர் தலை வந்து அடித்தால் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பார்கள். துணி நல்லதுதான், அடியில் இருக்கிற கம்பி?

அப்புறம் பிளேடு. பஸ் ஸ்டாண்டில் ஒரு ராத்திரி நிறுத்திப் பாருங்கள், காலையில் பேட்டரி இருக்காது.

தகடு இல்லாமல் லட்சக்கணக்கில் ஓடிய கார் வேண்டுமென்றால் கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட். சோவியத் நாட்டிலிருந்து வந்த பருத்திக் கழிவையும் பீனால் பிசினையும் சேர்த்துச் சூடாக அழுத்திய டியூரோபிளாஸ்ட். 1957 முதல் 1991 வரை 30 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். துருப்பிடிக்காது. ஆனால் எங்கள் பிரஸ் சில நொடியில் ஒரு தகடு தள்ளும், அவர்களுக்கு ஒரு பேனல் வேக நிமிடக்கணக்கில் ஆகும். கார் கேட்டவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இரும்புத் தகடு கிடைக்காததால் பிறந்த பொருள் அது, யாரும் அழகுக்குச் செய்யவில்லை.

சமீபத்தில் எனக்குப் பிடித்தது 2022இல் பிரெஞ்சு கார் கம்பெனி சிட்ரோயன் காட்டிய ஓலி என்ற கான்செப்ட் கார். பானெட்டும் கூரையும் அட்டை! பழைய நெளி அட்டையைத் தேன்கூடாக மடித்து, இரண்டு பக்கமும் கண்ணாடி இழை வைத்து, பிசின் பூசியது. ஆள் ஏறி நிற்கலாம், எடையோ இரும்புக் கூரையில் பாதி. நூலும் சாயமும் சொன்னதை அங்கேயும் பார்க்கலாம். அட்டைப் பலகை தட்டையாகத்தான் வரும், அதனால் பானெட், கூரை எல்லாம் மேசைப்பலகைபோல் தட்டை. வளைவு வேண்டும் என்று அடம்பிடிக்காமல் பொருளுக்கு ஏற்ற உருவத்தைக் கொடுத்தார்கள்.

பழைய வண்டி, பெங்களூரு

குஷன் கடை அண்ணே, ரோட்டுக்கு வரவில்லை என்று யார் சொன்னது? ஜினாவுக்கு 80 வருடம் முன்பே வந்துவிட்டது.

1920களில் சார்ல்ஸ் வெய்மன் என்ற விமானி விமான இறக்கையைப் பார்த்துக் காருக்கு அதே முறையைக் கொண்டுவந்தார். மரச்சட்டம், மேலே துணி. மரமும் மரமும் ஒன்றையொன்று தொடாது. ஒவ்வொரு மூட்டிலும் இரும்புப் பட்டை வைத்து இடைவெளி விட்டுப் பிடித்திருப்பார்கள். அதனால் மோசமான ரோட்டிலும் கிரீச் சத்தம் வராது, சேஸி முறுகினால் உடம்பும் கூடவே முறுகிக்கொடுக்கும். மூலை உருண்டையாக வர வேண்டிய இடத்தில் கம்பி வலை, அதன்மேல் மெல்லிய துணி, பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலே நைட்ரோசெல்லுலோஸ் பூசிய தோல்துணி. பிரான்ஸில் நடக்கும் லு மான் கார் பந்தயத்தில் ஓடிய பென்ட்லி கார்களிலும் துணி உடம்பு உண்டு. 1930களில் வழவழப்பான பெயின்டும் உருண்டு திரண்ட உருவமும் ஃபேஷன் ஆனதும் ஆட்டம் முடிந்தது.

அடுத்தது செக்கோஸ்லோவாகியாவின் வெலோரெக்ஸ். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. எஞ்சின் நம் ஆட்களுக்குத் தெரிந்த ஜாவா. இரும்புக் குழாயில் கூடு, மேலே ரெக்ஸின், அதையும் பித்தான் போட்டு மாட்டியிருப்பார்கள். பெரும்பாலும் மாற்றுத்திறனாளிகளுக்காகச் செய்த வண்டி, 1971 வரை வந்தது. கிழிந்தால் அந்தத் துண்டை மட்டும் கழற்றித் தைத்துக்கொள்ளலாம்.

குஷன் கடைக்காரன், திண்டுக்கல்

பழைய வண்டி சார், வலை, துணி, பஞ்சு, மேலே தோல்துணி என்று நீங்கள் சொன்ன வரிசையில்தான் நான் வேன் சீட்டின் மூலை கட்டுகிறேன். வலைக்குப் பதில் ஃபோம், அவ்வளவுதான்.

பிரஸ் ஷாப் தம்பி சொன்ன பிளேடு சமாச்சாரம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. தகட்டில் கீறல் விழுந்தால் டிங்கரிங், பட்டி, பெயின்ட் என்று வண்டி நாள்கணக்கில் பட்டறையில் கிடக்கும். துணி கிழிந்தால் காலையில் கொடுத்தால் மாலையில் எடுத்துப் போகலாம். ஜினாவில் அது நடக்காது, ஒரு முழத் துணி கிழிந்தாலும் முகப்பிலிருந்து கதவு வரை மொத்தத்தையும் கழற்ற வேண்டும். வெட்டே இல்லாத துணி என்று பெருமைப்படுகிறார்கள், தைக்கிறவனைக் கேட்டால் அதுதான் தப்பு என்பான். கதவின் ஓரத்தில் ஒரு ஜிப் வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

அந்த வெலோரெக்ஸ் பித்தான் அழுத்துகிற வகையா, திருகிப் பூட்டுகிற வகையா? குழாயிலேயே அடித்திருக்கிறார்களா, இல்லை பட்டை வெல்டிங் வைத்து அதில் மாட்டியிருக்கிறார்களா? கிட்டே எடுத்த படம் இருந்தால் போடுங்கள். லோடு ஆட்டோ ஒன்றுக்குப் பக்கப்படுதா தைக்க வந்திருக்கிறது, ஐலெட் அடித்துக் கயிறு கட்டுவதைவிட அது நன்றாக இருக்கும் போலத் தெரிகிறது.